மும்பை ராயல் ஆபரா ஹவுஸில் ஷோ பார்க்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதுங்கா, செம்பூர், முலுண்டு, தாராவி என்று மும்பையில் நம்மவர்கள் இருக்கிற பக்கமெல்லாம் இந்த அரங்கத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார்கள், ஆனால் உள்ளே போனவர்கள் குறைவு. போகலாமா, எப்படிப் போவது, எங்கே உட்காருவது என்று என்னிடம் வருகிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஊரிலிருந்து நான்கு நாள் வந்து தங்குகிறவர்களையும் மனதில் வைத்துக்கொண்டேன்.

ஆபரா ஹவுஸ் என்பது ஏரியா பெயர்தானே? அப்படி ஒரு தியேட்டர் இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. வைர வியாபாரம், பஞ்சரத்னா கட்டடம் என்று அந்தப் பகுதிக்கு வேறு அடையாளங்கள் வந்துவிட்டதால், பெயரைக் கொடுத்த கட்டடத்தைப் பலரும் மறந்துவிட்டார்கள். அது இருபது வருடத்துக்கு மேல் பூட்டிக் கிடந்ததும் ஒரு காரணம். சர்னி ரோடு ஸ்டேஷனில் இறங்கி, கடற்கரைப் பக்கம் போகாமல் கிழக்குப் பக்கம் இறங்கினால் நடக்கிற தூரம்தான்.

எவ்வளவு பழசு? யார் கட்டியது?

1909இல் வேலை தொடங்கியது. கல்கத்தாவைத் தளமாகக் கொண்டு நாடகக் குழுக்களை ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருந்த மாரிஸ் பேண்ட்மன் என்பவரும், ஜெஹாங்கீர் ஃபிராம்ஜி கராகா என்ற பார்சி நிலக்கரித் தரகரும் சேர்ந்து எடுத்த முயற்சி. 1911இல் டெல்லி தர்பாருக்காக ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பம்பாயில் வந்து இறங்கினாரே, அப்போது அவரே திறந்துவைத்தார். ‘ராயல்’ என்ற சொல் சும்மா ஒட்டிக்கொள்ளவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால் அப்போது கட்டடம் முடியவே இல்லை. மன்னர் வருகிறார் என்பதற்காக அரைகுறையாகத் திறந்துவிட்டு, மிச்ச வேலையை 1912இல் முடித்தார்கள். நம் ஊரில் பாலத்துக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடப்பதுதான், புதிதில்லை.

பாணி ஐரோப்பிய பரோக், அதாவது வளைவும் அலங்காரமும் நிறைந்த பாணி. நுழைந்ததும் தெரிகிற படிகச் சரவிளக்குகள் பைகுல்லாவில் இருந்த சசூன் குடும்ப மாளிகையிலிருந்து வந்தவை. அரங்குக்கு மேலே குவிமாடம் எட்டுப் பிரிவாக இருக்கும், கவிஞர்களுக்கும் நாவலாசிரியர்களுக்கும் நாடக ஆசிரியர்களுக்கும் மரியாதை செய்வதாக. விளக்கு அணைவதற்கு முன் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். அணைந்தபின் பார்க்க முடியாது, இடைவேளையில் எல்லோரும் வெளியே ஓடிவிடுவார்கள்.

ஏன் மூடிக் கிடந்தது?

ஆபராவுக்கென்று, அதாவது பாட்டாலேயே கதை சொல்லும் மேற்கத்திய இசை நாடகத்துக்கென்று கட்டினார்களே தவிர, அதை மட்டும் வைத்துப் பிழைப்பு நடத்த முடியவில்லை. நாடகம் வந்தது, ஊமைப்படம் வந்தது, 1930களில் முழு சினிமா தியேட்டராகவே மாற்றினார்கள். பிருத்விராஜ் கபூர் குழுவின் நாடகங்களும் இதே மேடையில் நடந்திருக்கின்றன. 1952இல் குஜராத்தின் கோண்டல் அரச குடும்பம் வாங்கியது, இன்றும் அவர்களிடம்தான் இருக்கிறது. அப்புறம் டிவி வந்தது, வீடியோ வந்தது, கூட்டம் குறைந்தது. 1993இல் பூட்டினார்கள். 2012இல் உலக அளவில் ஆபத்தில் இருக்கும் நினைவுச் சின்னங்களின் கண்காணிப்புப் பட்டியலில் இதன் பெயர் வந்தது.

பூட்டிய கட்டடம் மும்பை மழையில் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கூரையில் ஓர் இடத்தில் ஒழுகினால் போதும், நீர் காரைக்குள் இறங்கும், மரம் உளுக்கும், இரும்பு துருப்பிடித்து வீங்கிச் சுவரையே பிளக்கும். கட்டடக் கலைஞர் ஆபா நாராயண் லாம்பா தலைமையில் பல ஆண்டுகள் வேலை நடந்து, 2016 அக்டோபரில் மறுபடி திறந்தார்கள். பழைய புகைப்படங்களைத் தேடியெடுத்து, சினிமாவுக்காக மாற்றப்பட்டிருந்த உட்பகுதியைப் பழைய உருவத்துக்குக் கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டே யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைத்தது. இந்தியாவில் மிச்சமிருக்கும் ஒரே ஆபரா ஹவுஸ் இதுதான் என்கிறார்கள்.

அப்படியானால் ஆபராதான் பார்க்க வேண்டுமா? எனக்கு அது புரியாதே.

வேண்டாம், கவலைப்படாதீர்கள். திறப்பு நிகழ்ச்சியில் மும்பையில் பிறந்த சொப்ரானோ (உச்சஸ்தாயிக் குரல்) பாடகி பட்ரீசியா ரொசாரியோ பாடினார் என்பது உண்மை. ஆனால் முழு ஆபரா எப்போதாவதுதான் வரும். நாடகம், ஹிந்துஸ்தானி, கஜல், ஜாஸ், மேற்கத்திய செவ்வியல் இசை, ஸ்டாண்ட்-அப் காமெடி, நடனம், சில சமயம் படவிழா, இப்படி ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்.

எந்த ஷோவைத் தேர்ந்தெடுப்பது?

மைக் குறைவாக இருக்கிற எதையும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த அரங்கம் ஒலிபெருக்கி புழக்கத்துக்கு வருவதற்கு முன் கட்டியது. மேடையில் நிற்கிறவர் தன் தொண்டையை மட்டும் நம்பிப் பாட வேண்டும், அது மேல் கேலரியில் குறைந்த காசு கொடுத்து உட்கார்ந்திருக்கிறவர் வரைக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே கூரையின் வளைவையும் பால்கனியின் ஆழத்தையும் அமைத்திருக்கிறார்கள். அதனால் பியானோ, வயலின், நாலு பேர் உட்கார்ந்து வாசிக்கும் சிறு குழு, வசன நாடகம், தனிக்குரல் பாட்டு, இவையெல்லாம் இங்கே வேறு மாதிரி கேட்கும். பாடகர் அடுத்த வரிக்கு முன்னால் மூச்சை இழுப்பது கேட்கும், வில் தந்தியைத் தொட்ட அந்த நொடி, நாதம் வருவதற்கு முன் வருகிற ஒரு சிறு உராய்வு இருக்கிறதே, அதுவும் கேட்கும். சபாவில் பாதிக் கச்சேரி வரை மைக்காரரைப் பார்த்து விரலால் மேலே, கீழே என்று சைகை காட்டிக்கொண்டிருக்கும் வித்வான்களையே பார்த்துப் பழகிய நமக்கு இது பெரிய விஷயம்.

மாறாக, டிரம்ஸ், பேஸ் கிட்டார், ஆளுயர ஸ்பீக்கர் என்று வருகிற நிகழ்ச்சி இந்த அறைக்கு ஒத்துவராது என்பது என் கருத்து. குரலைத் தூக்கிக் கொடுக்க என்றே அமைந்த கூரையும் சுவரும் ஸ்பீக்கர் சத்தத்தையும் அதே மாதிரி தூக்கிக் கொடுக்கும், எல்லாம் குழம்பிப்போகும். அது பிடித்தவர்களுக்கு மும்பையில் வேறு இடம் நிறைய இருக்கிறது. காமெடி ஷோ இரண்டுங்கெட்டான். நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அதே ஆளை எந்த ஹாலிலும் பார்த்துவிடலாமே.

எந்த சீட் எடுப்பது?

மொத்தம் 574 இருக்கைகள்தான். நம் கச்சேரிகள் நடக்கும் சண்முகானந்தா அரங்கத்தில் இரண்டாயிரத்து எழுநூறுக்கும் மேல், அதில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே இங்கே ‘ரொம்ப தூரம்’ என்று எந்த சீட்டையும் சொல்ல முடியாது. ஆனாலும் வித்தியாசம் உண்டு.

கீழே ஸ்டால்ஸ், அதற்கு மேல் முதல் பால்கனி, அதற்கும் மேல் இரண்டாவது. நம் ஆட்கள் போனதும் முதல் வரிசை கேட்பார்கள். வேண்டாம். மேடை உயரம், கழுத்து வலிக்கும், நடனம் என்றால் காலே தெரியாது. ஸ்டால்ஸில் நடுவில், ஐந்தாறு வரிசை தள்ளி எடுங்கள். ஸ்டால்ஸின் கடைசி வரிசைகள் பால்கனிக்கு அடியில் போய்விடும். அங்கே மேடை நன்றாகத் தெரியும், ஆனால் தலைக்கு மேலே தாழ்ந்த கூரை வந்துவிடுவதால் சத்தம் ஒரு சுற்றுக் குறைந்து, கதவுக்கு வெளியே நின்று கேட்பது போல் இருக்கும். நாடகத்துக்குப் பரவாயில்லை, பாட்டுக்கு எடுக்காதீர்கள்.

எனக்குப் பிடித்தது முதல் பால்கனியின் முன்வரிசை, நடுப்பகுதி. சத்தம் நேராக வந்து சேரும், மேடை முழுதும் தெரியும், குவிமாடமும் கண்ணில் படும். ஒரே தொந்தரவு கைப்பிடிச் சுவர். உயரம் குறைந்தவர்கள், குழந்தைகள் அதற்கு மேல் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும், முன்னால் சாய்ந்தால் பின்னால் இருப்பவருக்கு மறைக்கும், அவர் தோளைத் தட்டுவார். இரண்டாவது பால்கனி செங்குத்தாக ஏறும், தலைசுற்றல் உள்ளவர்களுக்கு வேண்டாம். காசு மிச்சம் பிடிக்க வேண்டும், காதுக்குக் குறை வேண்டாம் என்றால் அதுவே நல்ல இடம்.

பக்கவாட்டு பாக்ஸ்? படத்தில் பார்க்க ராஜா மாதிரி இருக்கும், உட்கார்ந்தால் மேடையின் ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரியாது. அந்தக் காலத்து ஆபரா அரங்குகளில் வந்திருக்கும் பெரிய மனிதர்கள் மற்றவர்கள் கண்ணில் படவேண்டும் என்பதற்காக வைத்த இடம் அது. நாடகம் பார்ப்பது இரண்டாம்பட்சம். டிக்கெட்டுக்குக் கிடைத்தாலும் இரண்டு முறை யோசியுங்கள்.

டிக்கெட் எங்கே வாங்குவது?

பெரும்பாலும் புக்மைஷோவில் வந்துவிடும். விலை நிகழ்ச்சி நடத்துகிறவர் வைப்பது, அரங்கத்துக்கென்று ஒரே விலை கிடையாது. ஆன்லைன் சீட் படத்தில் கடைசி வரிசை எங்கே, பால்கனி விளிம்பு எங்கே என்று தெளிவாகத் தெரியாது, ஆகவே மேலே சொன்னதை நினைவில் வைத்துக்கொண்டு தேர்ந்தெடுங்கள். சின்ன அரங்கம் என்பதால் நல்ல நிகழ்ச்சி சீக்கிரம் தீர்ந்துவிடும். கடைசி நிமிடத்தில் வாசலில் வாங்கிக்கொள்ளலாம் என்று கிளம்பாதீர்கள்.

எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும்?

அரை மணி நேரம் முன்னால். சரவிளக்கையும் வண்ணக் கண்ணாடியையும் நின்று பார்க்க அந்த நேரம் வேண்டும்.

மும்பை நாடக உலகத்தில் மணி அடிக்கிற பழக்கம் உண்டு. முதல் மணி, இரண்டாவது மணி, மூன்றாவது அடித்தால் திரை. மராத்தி நாடகக்காரர்களுக்கு அந்த மூன்றாவது மணி ஏறக்குறைய பூஜை மாதிரி. ஏழரை என்றால் ஏழே முக்காலுக்குத் தொடங்குவார்கள், நாமும் மெதுவாகப் போகலாம் என்ற நம் கணக்கு இங்கே எப்போதும் செல்லாது. ஜுஹுவில் இருக்கும் பிருத்வி தியேட்டரில் தாமதமாக வந்தால் யாராக இருந்தாலும் உள்ளே விடமாட்டார்கள், அதுவே இந்த ஊரில் நாடகம் பார்க்கிறவர்களுக்கு ஒரு பழக்கத்தைக் கொடுத்துவிட்டது. ஆபரா ஹவுஸில் அது நிகழ்ச்சி நடத்துகிறவரைப் பொறுத்தது. விட்டாலும் இருட்டில், படிக்கட்டில், மற்றவர் காலை மிதித்துக்கொண்டு போக வேண்டும்.

எப்படிப் போவது?

லோக்கல் ரயில்தான். சர்னி ரோடில் ஃபாஸ்ட் வண்டி நிற்காது, வெஸ்டர்ன் லைன் ஸ்லோ வண்டி ஏறுங்கள். மாதுங்காவில் இருப்பவர்கள் மாதுங்கா ரோடு ஸ்டேஷனுக்கு நடந்துவிட்டால் மாறாமல் ஒரே வண்டி. முலுண்டிலிருந்து சென்ட்ரல் லைனில் வந்து தாதரில் மாறலாம். செம்பூர்க்காரர்கள் குர்லாவிலும் தாதரிலுமாக இரண்டு முறை மாற வேண்டும், அல்லது டாக்சியைப் பிடித்துக்கொண்டு டிராஃபிக்கைத் திட்டிக்கொண்டே வர வேண்டும். தாராவி, சீதளாதேவி, தாதர் பக்கம் இருப்பவர்களுக்கு இப்போது மூன்றாம் மெட்ரோ தடம் வந்துவிட்டது. கிராண்ட் ரோடு அல்லது கிர்காவில் இறங்கி நடக்கலாம்.

ஊரிலிருந்து வருகிறவர்கள் கவனிக்க: தென்மும்பையில் ஆட்டோ ஓடாது. பாந்த்ரா, சயனுக்குத் தெற்கே கறுப்பு மஞ்சள் டாக்சிதான். ஆட்டோவுக்குக் கை காட்டிக்கொண்டு நிற்காதீர்கள், வராது.

சொந்தக் கார் வேண்டவே வேண்டாம். குறுகிய தெரு, நாலா பக்கமும் கடை, நிறுத்த இடம் தேடுவதற்குள் முதல் காட்சி போய்விடும்.

என்ன உடுத்துவது? கோட்டு சூட்டு வேண்டுமா?

வேண்டாம். ‘ராயல்’, ‘ஆபரா’ என்று இரண்டு சொல்லைப் பார்த்து மிரள்கிறார்கள். ஜீன்ஸும் வரும், பட்டுப் புடவையும் வரும், யாரும் திரும்பிப் பார்க்கப்போவதில்லை. ஏசி குளிரும், ஒரு சால்வை வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டோ எடுக்கலாமா?

ஷோ தொடங்கும் முன் பொதுவாக எல்லோரும் எடுக்கிறார்கள். தொடங்கியபின் போனை அணைத்துப் பைக்குள் போடுங்கள், சைலன்ட்டில் போட்டால் போதாது. இவ்வளவு சின்ன அரங்கத்தில் போன் பேக்கின் உள்ளே அதிர்ந்தால்கூட நாலு வரிசைக்குக் கேட்கும். திரை வெளிச்சம் அதைவிட மோசம், பால்கனியிலிருந்து பார்த்தால் கீழே யார் வாட்ஸ்அப் பார்க்கிறார்கள் என்று அடையாளமே சொல்லிவிடலாம்.

எப்போது கைதட்டுவது? தப்பாகத் தட்டிவிட்டால்?

மேற்கத்திய செவ்வியல் இசையில் ஒரு படைப்பு மூன்று நான்கு பகுதியாக இருக்கும், நடுவில் நிறுத்துவார்கள், அது முடிவில்லை. நம் கச்சேரியில் ஒரு நல்ல சங்கதிக்கு ‘பலே’ என்று சொல்லித் தலையாட்டுகிற சுதந்திரம் அங்கே கிடையாது. தெரியாவிட்டால் வாசிக்கிறவர் கையைப் பாருங்கள், வில்லைக் கீழே இறக்கி எழுந்து நின்றால் முடிந்தது. கஜல், ஹிந்துஸ்தானி என்றால் ‘வாஹ்’ தாராளமாகச் சொல்லலாம், சொல்லாவிட்டால்தான் பாடுகிறவர் வாடிப்போவார்.

குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

வயது வரம்பு நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மாறும், டிக்கெட் பக்கத்தில் போட்டிருக்கும். ஒன்றரை மணி நேரம் வாய் மூடி உட்காருகிற பிள்ளை என்றால் கூட்டிப் போங்கள், அதுவும் கதை இருக்கிற நாடகத்துக்கு. கைக்குழந்தை வேண்டாம். அழுதால் தூக்கிக்கொண்டு வெளியே வருவதற்குள் அரங்கம் முழுக்கத் திரும்பிப் பார்த்திருக்கும்.

வயதான பெற்றோரோடு போகிறோம், படி ஏற முடியாது.

ஸ்டால்ஸ் மட்டும் எடுங்கள், ஓரத்து சீட் எடுங்கள். நூறு வருடத்துக்கு மேலான கட்டடம், மேல் தளத்துப் படிகள் முழங்கால் வலிக்காரர்களுக்கு உகந்தவை இல்லை. சக்கர நாற்காலி வேண்டுமென்றால் முதல் நாளே நிகழ்ச்சி நடத்துகிறவர்களைக் கேட்டுவிடுங்கள். இடைவேளையில் கழிப்பறைக்கு வரிசை நிற்கும், ஆகவே அதை ஷோவுக்கு முன்பே முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சாப்பாடு?

ஷோவுக்கு முன்னால் சாப்பிடுவது உத்தமம். கிர்காவ் மராத்திக்காரர்களின் பழைய பகுதி, மிசல், சாபுதானா வடை எல்லாம் நன்றாகக் கிடைக்கும். நேரம் இருந்தால் சௌபாட்டி கடற்கரை வரைக்கும் நடந்துபோய் பேல்பூரி சாப்பிட்டுவிட்டு வரலாம். அரங்கத்துக்குள்ளே உணவு கொண்டுபோகாதீர்கள். சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்கிற சத்தம், மேலே ஒலி பற்றிச் சொன்னேனே, அதே காரணத்தால் மேடைக்கே போய்ச் சேரும்.

மராத்தியும் தெரியாது, இந்தியும் சுமார். போய்ப் பயன் உண்டா?

இசை, நடனத்துக்கு மொழி வேண்டாம், அதிலிருந்து தொடங்குங்கள். ஆங்கில நாடகங்களும் வரும். மராத்தி நாடகத்துக்குத் துணிந்து போகிறவர்களுக்கு ஒரு யோசனை: கதைச் சுருக்கத்தை முன்பே படித்துவிட்டுப் போங்கள், ஒரு மராத்திப் பழைய நண்பரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அவரை நடுநடுவே மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். முன்வரிசைக்காரர் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார், போதும் போதும் என்றாகிவிடும்.

தமிழ் நாடகம், கர்நாடகக் கச்சேரி அங்கே நடக்குமா?

அதை எதிர்பார்த்து இங்கே காத்திருக்காதீர்கள். நமக்குத்தான் சண்முகானந்தா, செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸ், மாதுங்கா மைசூர் அசோசியேஷன் அரங்கு என்று இருக்கின்றனவே. கூட்டமும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. ஆனால் ஒரு நல்ல குரலும் தம்புராவும் மட்டும் இங்கே மைக் இல்லாமல் நடந்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு ஆசை உண்டு. யாராவது சபாக்காரர்கள் படித்துக்கொண்டிருந்தால் யோசியுங்கள்.

ஷோ இல்லாமல் சும்மா உள்ளே போய்ப் பார்க்க முடியுமா?

எப்போதாவது வழிகாட்டியோடு சுற்றிக்காட்டும் நிகழ்ச்சி அறிவிப்பார்கள். மற்றபடி ஷோ டிக்கெட்தான் நிச்சயமான வழி. கட்டடத்தைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றாலும் ஷோவுக்கே போங்கள் என்பேன். தூண், சிற்பம், தங்க நிற வேலைப்பாடு எல்லாவற்றையும் படத்தில் பார்க்கலாம், ஆள் நிறைந்த அரங்கில் ஒரு குரல் எப்படி எழும்புகிறது என்பதை நேரில் போனால்தான் கேட்க முடியும்.

சென்னையில் இதுபோல் இடம் உண்டா?

எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் இருக்கும் மியூசியம் தியேட்டரைப் பார்த்திருக்கிறீர்களா? 1896இல் திறந்தது, ஹென்றி இர்வின் வடிவமைப்பு. ஆங்கில நாடகம் பார்க்கிற சென்னைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த இடம். சிம்லாவில் மால் ரோடில் இருக்கும் கெய்ட்டி தியேட்டரும் அதே இர்வின் கட்டியதுதான், 1887இல். அதையும் பழையபடி புதுப்பித்து வைத்திருக்கிறார்கள், மும்பை அரங்கத்தைவிடச் சின்னது. குளுகுளு ஊருக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் ஒரு மாலையை அதற்கு ஒதுக்கலாம்.

மழைக்காலத்தில் போகலாமா? திரும்பி வர வண்டி கிடைக்குமா?

ஜூன் முதல் செப்டம்பர் வரை டிக்கெட் எடுத்தால் அன்று காலையிலேயே வானிலை எச்சரிக்கையைப் பார்த்துவிடுங்கள். கனமழையில் லோக்கல் நின்றுவிட்டால் ஷோ நடந்தாலும் நீங்கள் போய்ச் சேர முடியாது, சேர்ந்தாலும் வீடு திரும்ப முடியாது. மற்ற நாட்களில் பயமில்லை, ஷோ பத்து மணிக்கு முடிந்தாலும் வெஸ்டர்ன் லைனில் நள்ளிரவு தாண்டியும் ஸ்லோ வண்டி உண்டு. மெட்ரோ அதற்கு முன்னாலேயே நின்றுவிடும், ஆகவே மெட்ரோவில் வந்தவர்கள் கடைசி வண்டி நேரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். முலுண்டு, தாணே பக்கம் போகிறவர்கள் தாதரில் அடுத்த வண்டிக்கு எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதையும் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.